பாண்டி பஜார் நடைபாதையும் மயிலாப்பூர் சொத்துவரியும்

2019 நவம்பர் 13 அன்று தி. நகர் பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தை முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி திறந்துவைத்தபோது சென்னை மாநகராட்சிக்கு மேயர் இல்லை, மன்றம் இல்லை, ஒரு கவுன்சிலர்கூட இல்லை. முந்தைய மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. நடக்கவேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. அதன்பின் 2022 பிப்ரவரி வரை தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலரின் கையொப்பத்தில் நகரம் ஓடியது. அண்மைக்காலத்தில் சென்னையில் அதிகம் பேசப்பட்ட உள்ளூர்ச் செலவு அந்த இடைவெளிக்குள் நடந்து முடிந்தது. புதிய மன்றம் அமைந்து ஒரு மாதம் ஆவதற்குள், 2022 ஏப்ரல் 1 அன்று, சொத்துவரி உயர்வு அறிவிக்கப்பட்டது.

இவ்விரண்டையும் சேர்த்து எடைபோட்டவர்கள் குறைவு. நடைபாதையைப் புகழ்ந்தவர்கள் வடிவமைப்பைப் பேசினார்கள். வரியைத் திட்டியவர்கள் விலைவாசியைப் பேசினார்கள். இரண்டுக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு: பொதுப்பணம் ஒரு தெருவின் மதிப்பை உயர்த்தும்போது, அந்த உயர்வில் ஒரு பங்காவது பொதுக்கருவூலத்துக்குத் திரும்புகிறதா? திரும்பவில்லை என்றால், அந்தக் குறையை நிரப்புகிறவர் யார்?

முதலில் செலவு. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தை ஒன்றிய அரசு 2015 ஜூன் 25 அன்று தொடங்கியது. 2016 ஜனவரியில் தேர்வான முதல் 20 நகரங்களில் சென்னையும் ஒன்று. நகரம் ஒன்றுக்கு ஒன்றிய அரசு 500 கோடி தரும் என்பது ஏற்பாடு. அதற்கு ஈடான தொகையை மாநிலமும் மாநகராட்சியும் போடவேண்டியிருந்தது. பணத்தைப் பகுதிவாரியாகக் குவிக்கவேண்டும் என்ற விதிப்படி சென்னை தேர்ந்தெடுத்த பகுதி தி. நகர். தேர்வுக்கு நியாயம் இருக்கிறது. இவ்வளவு பேர் நடக்கும் வணிகப் பகுதி நகரத்தில் வேறில்லை. நடப்பவருக்கு இவ்வளவு குறைவாக இடம் விட்ட பகுதியும் வேறில்லை.

ஏறத்தாழ 40 கோடி ரூபாயில் உருவான பாண்டி பஜார் வளாகம், வடிவமைப்பு என்ற அளவில் துணிச்சலான வேலை. வண்டிப்பாதையைக் குறுக்கி நடைபாதையை அகலப்படுத்த இந்நகரத்தின் பொறியாளர்கள் அதற்குமுன் அரிதாகவே மனம் வைத்தார்கள். சாலை என்றால் வண்டிக்கு என்பதே அவர்கள் கற்ற பாடம். அந்த வழக்கத்தை மீறியதற்கான பாராட்டைக் குறைக்க எதுவும் இல்லை. உட்கார இருக்கை, சக்கர நாற்காலி ஏறும் சரிவு, குழந்தை ஓட இடம் என எல்லாம் அங்கே கிடைத்தன. ஆனால் நிதித்திட்டம் என்ற அளவில் அது பாதி வேலை. கட்டுவதற்கு மட்டும் கணக்குப் போட்டார்கள். கட்டியபின் அதன் பயன் எந்த வழியில் வருவாயாகத் திரும்பும் என்று எழுதவில்லை. கடைவாசலுக்கு முன்னால் 40 கோடி விரித்துக் கொடுத்த நகரம், அந்தக் கடையிடம் கூடுதலாக ஒரு ரூபாயும் கேட்கவில்லை.

அதே பகுதியில் இன்னும் இரண்டு செலவுகள் ஒப்பீட்டுக்கு உதவும். தணிகாசலம் சாலையில் 222 கார்களுக்கும் 513 இருசக்கர வாகனங்களுக்கும் இடம் தரும் அடுக்குமாடி வாகன நிறுத்தம். அதற்கான செலவும் ஏறத்தாழ 40 கோடியே. ஆதரவு வாதம் எளிது: தெருவோரத்தில் நின்ற கார்களை அகற்றினால் அவற்றுக்கு வேறு இடம் தரவேண்டும். வாதம் சரி. ஆனால் ஒரு தெரு முழுவதையும் ஆயிரக்கணக்கான பாதசாரிகளுக்கு மாற்றிக்கொடுத்த அதே தொகை, ஒரு நேரத்தில் 735 வண்டிகளை மட்டும் நிறுத்த வைக்கிறது. நிறுத்துகிறவர் தரும் கட்டணம் அந்த முதலீட்டின் வட்டியைத் தொடுமா என்று கேட்டுப்பார்க்கலாம். தொடாது எனில், காரில் வருகிறவரின் ஜவுளிச் செலவில் ஒரு பகுதியை, பேருந்தில் வருகிறவரும் சேர்ந்து கட்டுகிறார்.

மற்றொன்று, மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி. நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை. 2023 மே மாதம் திறந்தது. நீளம் 570 மீட்டர். செலவு சுமார் 28 கோடி. மூன்றில் இதற்கே என் முதல் மதிப்பெண். மின்சார ரயிலில் வந்திறங்கும் விற்பனைப் பெண்களும் பொட்டலம் சுமப்பவர்களும் ரங்கநாதன் தெருவின் நெரிசலைத் தாண்டிச் செல்கிறார்கள். பயன் பெறுபவர் யார் என்று தெளிவாகத் தெரிகிறது. அவர்கள் அந்தப் பயனைத் தனியே வாங்க இயலாதவர்கள் என்பதும் தெரிகிறது. பொதுச்செலவுக்கு இதைவிட நல்ல இலக்கணம் இல்லை. குறை ஒன்று: கீழே தெரு மாறவில்லை. நெரிசலுக்குக் காரணமான கட்டடங்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு வருவோம்.

அதற்குமுன் வரி. சென்னையில் சொத்துவரி கடைசியாக முழுமையாகத் திருத்தப்பட்டது 1998இல். 2018 ஜூலையில் அ.தி.மு.க. அரசு உயர்த்தியது, உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய 2019 நவம்பரில் அதே அரசு நிறுத்திவைத்தது. பாண்டி பஜாரில் நாடா வெட்டிய அதே மாதம் அது. கொடுப்பதை ஒரு மேடையிலும் கேட்பதை வேறொரு காலத்துக்கும் ஒதுக்கும் பழக்கத்துக்கு இதைவிடச் சுருக்கமான சான்று தேடவேண்டியதில்லை. தி.மு.க. அரசும் விலக்கல்ல, நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19இல் முடிந்து ஆறு வாரம் கழித்தே அதன் அறிவிப்பு வந்தது. வாக்காளரிடம் முன்கூட்டிச் சொல்லும் தைரியம் இரு கட்சிக்கும் இல்லை.

உயர்வின் அமைப்பு இது. 2011க்கு முந்தைய மாநகராட்சி எல்லையில், அதாவது மயிலாப்பூர், தி. நகர், அடையாறு எல்லாம் அடங்கிய பழைய நகரத்தில், 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்குமேல் 150. வணிகக் கட்டடத்துக்கு 150. 2011இல் சேர்ந்த பகுதிகளில் வீடுகளுக்கு 25 முதல் 100 சதவீதம். ஒன்றிய அரசின் 15ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்டதால் உயர்த்தவேண்டி வந்தது என்று அரசு சொன்னது. நிபந்தனை உண்மையே. மாநில உற்பத்தி வளர்ச்சியோடு சொத்துவரியும் வளரவேண்டும், இல்லையேல் உள்ளாட்சி மானியம் கிடைக்காது என்றது அது. ஆனால் எந்த வடிவில், எந்த அளவுகோலில் உயர்த்துவது என்பதை நிதிக்குழு சொல்லவில்லை. படிநிலையை வகுத்தது கோட்டையில் இருக்கும் மாநில அரசு. பொறுப்பும் கோட்டையுடையது.

உயர்வின் தேவையை மறுப்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. 24 ஆண்டுகள் அசையாமல் கிடந்த ஒரு வரியை நியாயப்படுத்த எந்தப் பொருளியலும் உதவாது. அரசு அன்று காட்டிய ஒப்பீட்டின்படி, 600 சதுர அடி வீட்டுக்குச் சென்னையில் 810 ரூபாயாக இருந்தது 1,215 ஆகும். பெங்களூரில் அதே வீட்டுக்கு 3,464. சிறிய வீட்டுக்குக் குறைந்த உயர்வு, பெரிய வீட்டுக்கு அதிக உயர்வு, வசதிகள் இன்னும் போய்ச்சேராத புறநகருக்குத் தள்ளுபடி: மூன்றும் சரியான உள்ளுணர்வுகள். அவற்றை வகுத்தவர்கள் ஏழையை நினைத்திருக்கிறார்கள். அது பாராட்டுக்குரியது.

பிழை அடித்தளத்தில் இருக்கிறது. சென்னையில் வரி, கட்டடத்தின் பரப்பளவையும் அந்தத் தெருவுக்கு மாநகராட்சி விதித்த அடிப்படை விகிதத்தையும் பெருக்கிக் கணக்கிடப்படுகிறது. 1998 விகிதங்களின்படி குடியிருப்புக்குச் சதுர அடிக்கு 60 காசு முதல் 2 ரூபாய் 40 காசு வரை. வணிகத்துக்கு 4 ரூபாய் முதல் 12 ரூபாய் வரை. எண்களின் சிறுமையைவிட அவற்றுக்கிடையிலான விகிதத்தைக் கவனிக்கவேண்டும். நகரத்தின் மிக மலிவான குடியிருப்புத் தெருவுக்கும் மிக விலையுயர்ந்த தெருவுக்கும் உள்ள தூரம் நான்கு மடங்கு. வணிகத் தெருக்களில் மூன்று மடங்கு. ஊரின் ஓரத்துச் சந்தில் ஒரு பெட்டிக்கடையின் சதுர அடியும் உஸ்மான் சாலையில் ஒரு நகைக்கடையின் சதுர அடியும் மூன்று மடங்குக்குமேல் வேறுபடாது என்று நம்பும் வணிகர் ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. 1998இல் அது அரைகுறை உண்மையாகவாவது இருந்திருக்கலாம். அதன்பின் தி. நகரில் நகை, ஜவுளி வணிகம் எந்த உயரத்துக்குப் போயிற்று என்பது வாசகர்கள் அறிந்தது.

இந்தப் பழைய அட்டவணையைத் திருத்தாமல் அதன்மேல் சதவீதத்தை ஏற்றினார்கள். 50, 75, 100, 150 எல்லாமே 1998இன் ஏற்றத்தாழ்வைப் பெருக்குகின்றனவே ஒழிய சரிசெய்யவில்லை. வணிகத்துக்கு 150 சதவீதம் என்றபோது, பொதுப்பணத்தால் வாசல் அகலமான பாண்டி பஜார் கடைக்கும், பெயர்ந்த நடைபாதையோடு நிற்கும் புரசைவாக்கம் கடைக்கும் ஒரே உயர்வு. பயன் பெற்றவர் கூடுதலாகத் தரவேண்டும் என்ற கொள்கை முற்றாக இல்லை.

குடியிருப்பில் பிழை வேறு வடிவம் எடுக்கிறது. படிநிலையின் அளவுகோல் பரப்பு மட்டுமே. மயிலாப்பூரில் லஸ் பக்கம் நாற்பது ஆண்டு பழைய, லிஃப்ட் இல்லாத அடுக்ககத்தில் 1,250 சதுர அடி வீட்டில் ஓய்வூதியத்தில் வாழும் தம்பதியருக்கு 100 சதவீதம். அதே தெருவில் நேற்று கட்டிய, பல கோடி பெறும் 1,150 சதுர அடி வீட்டுக்கு 75. எல்லைக்கோட்டில் நிற்பவர் நிலை இன்னும் விசித்திரம். அரையாண்டுக்கு 2,000 ரூபாய் கட்டிவந்த இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 1,200 சதுர அடி, மற்றது 1,201. முன்னது 3,500 ஆகிறது, பின்னது 4,000. ஒரு சதுர அடியின் விலை அரையாண்டுக்கு 500 ரூபாய். வருமான வரியில் இருப்பதுபோல் மிகுதிப் பரப்புக்கு மட்டும் மிகுதி விகிதம் என்று வைத்திருந்தால் இந்த அபத்தம் வந்திருக்காது. அது அறியாமல் நேர்ந்த பிழை என்று சொல்ல முடியவில்லை, அவசரத்தில் நேர்ந்தது.

2024இல் மன்றம் ஆண்டுக்கு 6 சதவீத உயர்வை ஏற்றது. கால் நூற்றாண்டுக்கு ஒருமுறை இடிபோல் விழுவதைவிட ஆண்டுதோறும் சிறிதாக உயர்வது முறை என்ற வகையில் முன்னேற்றமே. குறித்த காலத்துக்குள் கட்டுவோருக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், ஊக்கத்தொகை உண்டு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தெரு விகிதம் திருத்தப்படாதவரை இந்த 6 சதவீதமும் பழைய கோணலின் மேலேயே ஏறும். திருத்தாத அடித்தளம் எங்கே கொண்டுபோகும் என்பதற்கு அடையாற்றுக்கு அக்கரையில் ஓர் எடுத்துக்காட்டு: கிண்டி ரேஸ் கிளப்புக்கு அரசு நிலம் 1945 முதல் 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். பாக்கி 730 கோடிக்குமேல் என்று 2023இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் 160 ஏக்கரை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. அரை நூற்றாண்டுத் தயக்கத்தின் விலையை யாரும் முழுதாகக் கணக்கிடப்போவதில்லை.

இனிச் சலுகைகள். நகர வளர்ச்சிக்கு ஊக்கம் என்ற பெயரில் சென்னை தந்தவற்றை இரண்டாகப் பிரிக்கவேண்டும்: சட்டப்படி விற்றது, சட்டத்தை மீறியவருக்கு மன்னித்தது.

விற்றது, பிரீமியம் எப்.எஸ்.ஐ. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அடிப்படைத் தளப்பரப்புக் குறியீட்டை (எப்.எஸ்.ஐ.) 1.5இலிருந்து 2 ஆக்கின. அதற்குமேல் வேண்டுவோர், சாலை அகலத்தைப் பொறுத்து 50 சதவீதம் வரை, வழிகாட்டி மதிப்பின் அடிப்படையில் பணம் கட்டி வாங்கலாம். கருத்தளவில் இது நேர்மையானது. மேலே கட்டும் உரிமை சமூகம் தரும் மதிப்பு; அதற்கு விலை வாங்குவதே முறை. இருந்தும் இரண்டு ஐயங்கள். அடிப்படையை 2க்கு உயர்த்தியபோது, அதுவரை விற்றிருக்கக்கூடிய அரைப் பங்கை இலவசமாகவே கொடுத்தார்கள். கூடுதல் உயரத்துக்குச் சாலை அகலம் மட்டும் அளவுகோல் ஆனது. கழிவுநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலும் அந்த உயரத்தைத் தாங்குமா என்பது கணக்கில் வரவில்லை. இதனோடு, 2007 முதல் வசூலாகும் உள்கட்டமைப்பு, வசதிகள் கட்டணம் மாநில அளவிலான நிதிக்குப் போகிறது. அடையாற்றில் ஒரு கட்டடம் எழுந்தால் அந்த வார்டின் குழாய்க்கு அந்தப் பணம் வரும் என்ற உறுதி எந்த விதியிலும் இல்லை. அடுத்த வீட்டுக்காரர் தூசியையும் நெரிசலையும் ஏற்றுக்கொள்கிறார். ஈட்டுத்தொகை கோட்டைக்குப் போகிறது.

மன்னித்ததுதான் கடுமையான பகுதி. நகர ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவு நுழைந்தது 1998இல். சொத்துவரி கடைசியாக முழுமையாகத் திருத்தப்பட்ட அதே ஆண்டு. 1999 பிப்ரவரி 28க்கு முன் விதிமீறிக் கட்டியவை கட்டணம் செலுத்தி வரன்முறை பெறலாம். ஒரே ஒரு முறை என்ற அடிப்படையில் உச்ச நீதிமன்றம் 2000இல் அப்பிரிவை ஏற்றது. ஆனால் 113ஆவது பிரிவின்கீழ் தனித்தனியாகத் தரப்பட்டிருந்த 62 விலக்கு ஆணைகளை அடித்துப்போட்டது. அந்தத் தீர்ப்பின் குறிப்பை அரசு கேட்கவில்லை. கெடு திரும்பத்திரும்ப நீட்டப்பட்டது. 2006இல் உயர் நீதிமன்றம் நீட்டிப்புகளை நீக்கியது. 2007இல் அவசரச் சட்டம் வந்து மீறல்களைக் காத்தது.   2011 அக்டோபர் 31 அன்று ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். உச்ச நீதிமன்ற இடைக்கால உத்தரவால் 2012 ஜனவரியில், பொங்கல் வியாபாரத்துக்கு முன்பே, திறந்தன. பிறகு 113-சி பிரிவு வந்தது; கெடு 2007 ஜூலை 1க்கு நகர்ந்தது. 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக் கட்டடம் பற்றி எரிந்து, பிறகு இடிக்கப்பட்டபோது, தீயணைப்பு வண்டி நுழையும் அகலம் பற்றி ஊரே சில வாரம் பேசியது.

கட்சி வேறுபாடின்றி நடந்த இந்த வரலாற்றை ஒரு நிதிக்கொள்கையாகப் படித்துப் பாருங்கள். விதிப்படி இடம் விட்டு, அனுமதித்த மாடியோடு நிறுத்திக்கொண்டவர் ஒவ்வோர் ஆண்டும் வாடகையை இழந்தார். மீறியவர் ஒவ்வோர் ஆண்டும் அதைச் சம்பாதித்தார். ஒருமுறை கட்டணம் செலுத்தி, அல்லது வழக்கு நிலுவையில் இருக்கும்வரை அதுவும் செலுத்தாமல், தொடர்ந்தார். மீறலால் பெருகிய கூட்டத்துக்கு வழிவிட நகரம் ஆகாய நடைபாதை கட்டியது. எந்த ஸ்மார்ட் சிட்டி அறிக்கையிலும் இந்தச் செலவு வராது. ஆனால் தி. நகரில் பொதுமக்கள் தந்த மிகப்பெரிய வளர்ச்சி மானியம் இதுவே.

மாற்றுவழி அறியாமல் செய்தார்கள் என்றும் சொல்ல இயலாது. பிட்டி தியாகராயர் பெயர் தாங்கிய இந்த நகரே 1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்தின் பின்னணியில் உருவானது. திட்டத்தால் மதிப்பு உயர்ந்த நிலத்திடம் மேம்பாட்டுப் பங்களிப்பு வாங்க அச்சட்டத்திலேயே இடமிருந்தது. ஒன்றிய அரசு 2017இல் மதிப்பு உயர்வில் பங்கு பெறும் நிதிமுறைக்கு ஒரு கொள்கைச் சட்டகத்தை வெளியிட்டது. பாண்டி பஜார் வேலை நடந்த நாட்களில் அது அதிகாரிகளின் மேசையில் இருந்திருக்கவேண்டும். ஐந்து ஆண்டுக்கு, அந்தத் தெருவின் கடைகளுக்கு மட்டும், சதுர அடிக்கு ஒரு சிறு கூடுதல் தொகை என்று வைத்திருந்தால் பராமரிப்புச் செலவாவது மீண்டிருக்கும். வணிகர் எதிர்த்திருப்பார்கள், எதிர்ப்பைக் கேட்டு முடிவெடுக்க அன்று மன்றம் இல்லை என்பது மறுபடியும் முன்னால் வந்து நிற்கிறது.

பொறுப்புடைமையில் மதிப்பெண் மிகக் குறைவு. 2021 நவம்பர் மழையில் தி. நகர் மூழ்கியது, மாம்பலம் கால்வாயில் வேலைக்காகப் போட்ட இடிபாடுகள் நீரைத் தடுத்தன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஸ்மார்ட் சிட்டி பணம் எங்கே போனது என்று புதிய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கேட்டார், ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதார் தலைமையில் விசாரணைக்கு ஏற்பாடானது. கேள்வி சரியானது. ஆனால் வேலை நடக்கும்போது அதைக் கேட்டிருக்கவேண்டிய இடம் மாநகராட்சி மன்றம். தனி நிறுவனம் அமைத்துச் செலவிடும் ஸ்மார்ட் சிட்டி முறை, மன்றம் இருந்திருந்தாலும் அந்த இடத்தை ஓரங்கட்டியிருக்கும். வேகம் கிடைத்தது; அதன் விலை கேள்வி கேட்பாரின்மை. 2025 மே மாதம் மாநகராட்சி 200 கோடிக்குக் கடன்பத்திரம் வெளியிட்டுத் தேசியப் பங்குச்சந்தையில் பட்டியலிட்டது. பத்திரம் வாங்கியவருக்கு நகரத்தின் வரவு, கடன், வசூல், ஆபத்து எல்லாவற்றையும் விவரிக்கும் ஆவணம் கையில் தரப்படுகிறது. செபி அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மயிலாப்பூரில் சொத்துவரி கட்டுகிறவருக்கு ஒரு ரசீது.

தீர்ப்பைத் தனித்தனியாகவே சொல்லவேண்டும்; மொத்தமாகச் சொன்னால் நல்லதும் கெட்டதும் ஒன்றையொன்று மறைக்கும். பாண்டி பஜார் வளாகம் வடிவத்தில் தேறுகிறது, நிதியில் தவறுகிறது. ஆகாய நடைபாதை தேறுகிறது. அடுக்குமாடி நிறுத்தம், கட்டணம் முதலீட்டுக்கு ஈடாகும்வரை, தேறவில்லை. 2022 வரி உயர்வு நோக்கத்தில் நியாயம், முறையில் பலவீனம். வரன்முறைச் சலுகைகள் எந்த அளவுகோலிலும் நிற்கவில்லை. அவற்றுக்கு ஆதரவாக வேலைவாய்ப்பு என்ற ஒரு வாதம் உண்டு, அது உண்மையான வாதம், ஆனால் அதே வேலைகளை விதிப்படி கட்டிய கடைகளும் தந்திருக்க முடியும்.

அடுத்த சோதனை தெரு விகித அட்டவணையில்தான். பதிவுத்துறை தெருவாரியாக வழிகாட்டி மதிப்பை வைத்திருக்கிறது. பத்திரம் பதிய வருகிறவரிடம் அந்த மதிப்பில்தான் அரசு கட்டணம் வாங்குகிறது. அந்த எண்களைக்கொண்டு 60 காசையும் 12 ரூபாயையும் திருத்தி, வரைவை வார்டு குழுக்களின் முன் வைத்து, ஆட்சேபம் கேட்க மாநகராட்சிக்குத் தடையேதும் இல்லை. அதற்கான வார்டு குழு, ஏரியா சபை விதிகளும் 2022இலேயே வந்துவிட்டன. அப்படி ஒரு வரைவு வருமானால், லஸ்ஸின் பழைய அடுக்ககத்துக்கு வரி சற்று இறங்கவும், உஸ்மான் சாலையின் தரைத்தளத்துக்குப் பல மடங்கு ஏறவும் கூடும். முதல் ஆட்சேப மனு எந்தத் தெருவிலிருந்து வரும் என்பதை இக்கட்டுரையின் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்த மனுவை மன்றம் எப்படிக் கையாள்கிறது என்பதைப் பார்த்து அதன் மதிப்பெண்ணைப் போடலாம்.